கீழடி மியூசியத்துல பானைங்களை எப்படிப் பாக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வழிப்போக்கன்_திண்டுக்கல்:

வணக்கம் மக்களே. இந்த லீவுல பசங்களோட கீழடி அருங்காட்சியகம் போகலாம்னு இருக்கோம், மக ஒன்பதாவது, பையன் ஆறாவது, கூட எங்க அம்மாவும் வர்றாங்க. 2023 மார்ச்சுல திறந்ததுல இருந்தே போகணும் போகணும்னு பேசிக்கிட்டே இருந்தோம், இப்பதான் அமையுது.

விஷயம் என்னன்னா, இதுக்கு முன்னாடி வேற ஊர் மியூசியம் போனப்பல்லாம் ஒரே கதைதான். வாள், சிலை, காசு, நகை இதுங்ககிட்ட பசங்க நின்னு பாக்குறாங்க, பானை இருக்குற பெட்டி வந்தா "உடைஞ்ச பானைப்பா"ன்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்கு ஓடிடுறாங்க. கீழ ஒரு அட்டைல மட்கலம், இந்த நூற்றாண்டுன்னு ஒரு வரி இருக்கும், அதைப் படிச்சா முடிஞ்சுது. ஆனா கீழடிக்குப் போய் பானையைப் பாக்காம வந்தா அப்புறம் எதுக்குப் போறது, அங்க பேசுறதே பானை ஓடுங்கதானே, எழுத்து இருக்கறதும் அதுலதான்.

அதனால கேக்குறேன். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஒரு பானை முன்னாடி நின்னா எதைப் பாக்கணும், எங்க பாக்கணும்? அதை எப்படி செஞ்சாங்கன்னு பானையைப் பாத்தே சொல்ல முடியுமா? இன்னொண்ணு, உள்ள கருப்பு வெளில சிவப்புன்னு ஃபோட்டோல பாத்துட்டு என் மக "அது பெயிண்டாப்பா"ன்னு கேட்டா. அதுக்கும் யாராவது விவரமா சொன்னா நல்லாருக்கும். போற வழியில பானை செய்யறதை நேர்ல பாக்க இடம் இருந்தா அதையும் சொல்லுங்க.

மண்ணும்_சக்கரமும்:

அண்ணா வணக்கம், நான் மானாமதுரை பக்கம். எங்க தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லாரும் வனையறவங்க, நான் படிச்சு வேற வேலைக்கு வந்துட்டேன், ஆனா மண்ணு மிதிச்சு வளந்தவன்தான். தொல்லியல் தெரிஞ்சவங்க அவங்க பாட்டுக்கு சொல்லுவாங்க, நான் கைவேலைக்காரன் கண்ணுல என்ன தெரியும்னு மட்டும் சொல்றேன்.

முதல் விஷயம், பானையோட வெளிப்பக்கத்தைப் பாக்காதீங்க, உள்பக்கத்தைப் பாருங்க. வெளிய எல்லாத்தையும் தேய்ச்சு வழவழன்னு பண்ணிடுவோம், உள்ள யாரு பாக்கப்போறாங்கன்னு விட்டுடுவோம், அதனால செஞ்சவன் கை உள்ளதான் இருக்கும். சக்கரத்துல வனைஞ்சதுன்னா உள்பக்கம் மெல்லிசா வரிவரியா சுத்திக்கிட்டு மேல ஏறும், அது விரல் போன பாதை. வாய் விளிம்புக்குக் கீழ அந்த வரி நெருக்கமா இருக்கும், ஏன்னா கடைசியா அங்கதான் விரலை மடிச்சு விளிம்பு திருப்புறது.

ஆனா பெரிய பானைல வயித்துக்குக் கீழ பாத்தா அந்த வரி இருக்காது. அதுக்குப் பதிலா லேசா குழிகுழியா, கட்டைவிரல் அளவுக்கு மேல இருக்கும். அது என்னன்னா, சக்கரத்துல இருந்து பானையை அறுத்து எடுக்கும்போது அடி திறந்துதான் இருக்கும், அடியே கிடையாது. நிழல்ல காய வெச்சு கொஞ்சம் இறுகின பிறகு ஒரு கை உள்ள விட்டு உருண்டைக் கல்லைப் பிடிச்சுக்கிட்டு, வெளியில இருந்து மரப்பலகையால தட்டித் தட்டி சுவரை மெல்லிசாக்கி அடியை மூடுறது. இந்த நேரம் ரொம்ப முக்கியம், ஈரம் அதிகம்னா தட்டும்போது தொங்கிடும், காஞ்சு போச்சுன்னா வெடிக்கும், எங்கப்பா கன்னத்துல வெச்சுப் பாத்து சொல்லுவாரு இப்ப தட்டலாம்னு. அந்தக் கல்லு பட்ட தடம்தான் உள்ள குழியா நிக்குது. பழைய பெரிய பானை ஓடுங்கள்லயும் இந்தக் குழி இருக்கு, எங்க வீட்டுப் பானைலயும் இருக்கு, இதைப் பாத்தா எனக்கு ஒரு மாதிரி உடம்பு சிலிர்க்கும்.

அடுத்து கனம். உடைஞ்ச ஓடு கிடைச்சது உங்க அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கோங்க, முழுப் பானைல சுவரு எவ்வளவு கனம்னு வெளிய தெரியாது. உடைஞ்ச விளிம்புல தெரியும். சின்னக் கிண்ணத்தோட ஓடு எவ்வளவு மெல்லிசு, அது மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா போகுதா பாருங்க. அவ்வளவு மெல்லிசா, ஒரே சீரா இழுக்குறதுக்கு சக்கரமும் நல்லா சுத்தணும், மண்ணும் நல்லா அரிச்சிருக்கணும், ஒரு சின்னக் கல்லு இருந்தாக் கூட விரல்ல தடுக்கி சுவரு கிழிஞ்சிடும். தாழி மாதிரி பெருசுன்னா உடைஞ்ச இடத்துல மண்ணு சொரசொரன்னு மணலோட இருக்கும், அது கவனக்குறைவு இல்ல, பெரிய சுவரு காயும்போது வெடிக்காம இருக்க மணலோ உமியோ வேணும்னே கலக்குறது.

ஓடு_கழுவினவன்:

மேல எழுதுன தம்பி சொன்னது அத்தனையும் சரி, உள்பக்கத்தைப் பாருங்கன்னு சொன்னதுதான் இந்த திரெட்லயே பெரிய விஷயம். நான் தொல்லியல் படிச்சவன், படிக்கும்போது அகழாய்வுக் களத்துல வேலை பாத்திருக்கேன், அங்க சேரற ஓட்டுக் குவியலைப் பாத்தா மலைச்சுப் போவீங்க. எல்லாத்தையும் பிரஷ் வெச்சுக் கழுவி, காய வெச்சு, விளிம்பு தனி, உடம்புப் பகுதி தனி, அடிப்பகுதி தனின்னு பிரிக்கணும். இதுல விளிம்புதான் ராஜா. ஒரு விரல் நீளத்துக்கு விளிம்புத் துண்டு கிடைச்சாப் போதும், அதோட வளைவை வட்டம் போட்ட அட்டைல பொருத்திப் பாத்தா முழுப் பானையோட வாய் எத்தனை சென்டிமீட்டர்னு தெரிஞ்சிடும். விளிம்பு வெளிய மடிஞ்சிருக்கா, உள்ள சாஞ்சிருக்கா, நேரா நிக்குதாங்கறதை வெச்சு அது சமைக்கிற பானையா, தண்ணிப் பானையா, சாப்பிடுற கிண்ணமான்னு பெரும்பாலும் சொல்லிடலாம்.

இப்ப உங்க மக கேட்டதுக்கு வர்றேன். பெயிண்ட் கிடையாது. ஒரே மண்ணு, ஒரே பானை, சூளைல காத்து பட்ட பக்கம் சிவப்பு, காத்து படாத பக்கம் கருப்பு. மண்ணுல இயற்கையாவே இரும்பு இருக்கும், சுடும்போது ஆக்சிஜன் நல்லா கிடைச்சா அது ஹேமடைட்டுங்கற சிவப்பு இரும்பு ஆக்சைடா மாறி சிவக்கும். பானையைக் கவுத்து வெச்சு வாய்க்குள்ள உமி, வைக்கோல், இலை மாதிரி எதையாவது அடைச்சு சுட்டா உள்ள காத்து போகாது, அந்தக் கரி மண்ணோட நுண்துளைல இறங்கி கருப்பாயிடும். ரெண்டு தடவை சுட்டிருப்பாங்கன்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு, முதல்ல சிவப்பா சுட்டு அப்புறம் உள்பக்கத்தை மட்டும் புகையில கருக்கினதா. எந்த முறையா இருந்தாலும் அடிப்படை காத்துதான்.

இதை மகளுக்கு நேர்லயே காட்டலாம். கருப்பு-சிவப்புக் கிண்ணத்துல கருப்பு உள்பக்கத்தோட நிக்காது, விளிம்பைத் தாண்டி வெளியில கொஞ்ச தூரம் வந்திருக்கும், கவுத்து வெச்சப்ப சாம்பலுக்குள்ளயும் உமிக்குள்ளயும் புதைஞ்சிருந்த உயரம் அது. அந்தக் கருப்பும் சிவப்பும் சேர்ற இடத்தைப் பாக்கச் சொல்லுங்க. கோடு போட்டாப்ல நேரா இருக்காது, ஒரு பக்கம் மேல ஒரு பக்கம் கீழன்னு அலையும், நடுவுல ஒரு பழுப்பு நிறம் வரும். பெயிண்டா இருந்தா பிரஷ் போன கோடு தெரியணும்ல.

இன்னொண்ணு, உடைஞ்ச விளிம்பை மறுபடி பாருங்க, இந்தத் தடவை கனத்துக்காக இல்ல நிறத்துக்காக. வெளிய சிவப்பு, உள்ள சிவப்பு, நடுவுல மட்டும் சாம்பல் கலர்ல ஒரு பட்டை ஓடுற ஓடு நிறைய இருக்கும். மண்ணுல இருந்த இலை தழையோட கார்பன் முழுசா எரியறதுக்குள்ள சூடு இறங்கிடுச்சு, இல்லன்னா காத்து பத்தலைன்னு அர்த்தம். முழுக்க ஒரே சிவப்பா இருந்தா நிதானமா, நல்ல காத்தோட சுட்டிருக்காங்க. ஒரு சூளை அன்னைக்கு எப்படி எரிஞ்சுதுங்கறது அந்த அரை சென்டிமீட்டர்ல இருக்கு.

எழுத்து இருக்குற ஓடுங்க முன்னாடி கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க. 2019ல தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கைல தமிழின்னு சொல்ற பழைய தமிழ் எழுத்து (தமிழ்-பிராமி) பொறிச்ச 56 ஓடுங்க சொல்லியிருக்காங்க, ஆயிரத்துக்கும் மேல குறியீடு கீறுன ஓடுங்க. ஆதன், குவிரன்னு பேருங்க இருக்கு. இதுல கீறலோட ஓரத்தைப் பாருங்க, ஈரமா இருக்கும்போது கீறியிருந்தா மண்ணு ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழுவழுப்பா ஒரு வரப்பு நிக்கும், சுட்ட பிறகு கீறியிருந்தா ஓரம் பொரிஞ்சு பொரிஞ்சு இருக்கும், மேல் பூச்சு உதிர்ந்து உள் நிறம் தெரியும். ஈரத்துல கீறுனா அது பெரும்பாலும் செஞ்ச இடத்துலயே நடந்தது. சுட்ட பிறகு கீறுனா வாங்கிட்டுப் போனவங்களும் கீறியிருக்கலாம், அதாவது வீட்ல பாத்திரம் வெச்சிருந்த சாதாரண ஆளுங்களும் எழுதியிருக்காங்கன்னு பேசறதுக்கு அது ஒரு ஆதாரம். ஒன்பதாவது படிக்கிற புள்ளைக்கு இது நல்லா பிடிக்கும்.

டீச்சர்_சிவகங்கை:

நான் பள்ளிக்கூடப் பசங்களைக் கூட்டிட்டுப் போறவ, அதனால நடைமுறை விஷயம் சொல்றேன் தம்பி. கட்டடம் செட்டிநாட்டு வீடு பாணில, தூண், முற்றம்னு தனித்தனிக் கூடமா இருக்கு. அதுல ஒரு கூடத்துக்கு "கலம் செய் கோ"ன்னே பேரு, பானை விஷயம் எல்லாம் அங்கதான். பசங்க முழுசா எல்லாக் கூடத்தையும் சுத்திட்டு கடைசியா அங்க வந்தா கால் வலிக்குதும்பாங்க, அதனால அந்தக் கூடத்துக்கு முதல்லயே போயிடுங்க, மத்தது அப்புறம்.

சின்னவன் கையில ஒரு நோட்டும் பென்சிலும் குடுத்து "மூணு பானையோட வாயை மட்டும் வரைஞ்சு காட்டு"ன்னு சொல்லுங்க. முழுப் பானை வேண்டாம், வாய் மட்டும். வரையணும்னா உத்துப் பாத்தே ஆகணும், வேற வழியில்ல. பெரியவகிட்ட இந்தத் திரெட்ல மேல சொன்ன கருப்பு சிவப்பு எல்லையைத் தேடச் சொல்லுங்க. நீங்க கைடு மாதிரி பேசிக்கிட்டே போகாதீங்க, ஒரு பெட்டிக்கு ஒரு கேள்வி போதும், அவங்க சொல்ற பதில் என்னவா இருந்தாலும் கேளுங்க. கண்ணாடில வெளிச்சம் பட்டு உள்பக்கம் தெரியலன்னா பக்கவாட்டுல குனிஞ்சு பாக்கணும், ஃபிளாஷ் போட்டு ஃபோட்டோ எடுத்தா கண்ணாடிதான் விழும், பானை விழாது.

கொந்தகைல கிடைச்ச தாழிங்களை மட்டும் ஓட விடாதீங்க. கீழடில வாழ்ந்தவங்களோட இடுகாடு கொந்தகைதான், இறந்தவங்க எலும்பை வெச்சு, கூட சின்னச் சின்ன கருப்பு-சிவப்புக் கிண்ணங்களையும் வெச்சுப் புதைச்சிருக்காங்க. புறநானூறு 256வது பாட்டு இந்தத் தாழியைப் பத்தினதுதான், "கலம் செய் கோ"ங்கற பேரும் அதுல வர்ற குயவரைக் கூப்பிடுற சொல்லுதான். புருஷனோட கூடவே பல வழி நடந்து வந்த ஒரு பொண்ணு, அவன் செத்ததும் ஊர்க் குயவர்கிட்ட எனக்கும் சேத்து இடம் இருக்கற மாதிரி தாழியை அகலமா செஞ்சு குடுன்னு கேக்குறா. அந்தத் தாழி முன்னாடி நின்னு பாட்டோட கதையை மட்டும் சொல்லுங்க, விளக்கம் ஒண்ணும் வேண்டாம். எங்க புள்ளைங்க அங்க வந்தா தானா சத்தம் அடங்கிடும்.

உங்க அம்மா வர்றாங்கன்னு சொன்னீங்கள்ல, அவங்களை முன்னாடி விடுங்க. மண்சட்டில சமைச்சவங்களா இருந்தா எது குழம்புச்சட்டி எது தண்ணிப்பானைன்னு அட்டையைப் படிக்காமலே சொல்லுவாங்க, பசங்களுக்கு நம்ம எல்லாரையும் விட அது நல்ல பாடம்.

வழிப்போக்கன்_திண்டுக்கல்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கல, மகளுக்குப் படிச்சுக் காட்டினேன், இப்ப அவளே எப்ப போறோம்னு கேட்டுக்கிட்டு இருக்கா. டீச்சரம்மா, எங்கம்மா மண்சட்டில சமைச்சவங்கதான், அவங்களை முன்னாடி விடுற யோசனை அருமை.

இன்னும் ரெண்டு கேள்வி. கி.மு. 580னு ஒரு வருஷம் எல்லா இடத்துலயும் போடுறாங்களே, பானைய வெச்சு அவ்வளவு துல்லியமா எப்படி சொல்றாங்க? அப்புறம் வாட்ஸ்அப்ல ஒண்ணு வந்துச்சு, கீழடி பானைல நானோ டெக்னாலஜி இருந்துச்சு, தமிழன் அப்பவே நானோ கண்டுபிடிச்சான்னு. இது உண்மையா? பசங்களுக்குத் தப்பா எதையும் சொல்லிடக்கூடாது.

ஓடு_கழுவினவன்:

நல்ல கேள்வி ரெண்டும், ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்றேன் ஏன்னா அந்த ஃபார்வர்ட் எனக்கும் வந்துக்கிட்டே இருக்கு.

செய்தி பொய் இல்ல, முடிவுதான் தாண்டிப் போகுது. வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கீழடி ஓடுங்களோட உள்பக்கக் கருப்புப் பூச்சை ஆராய்ஞ்சு அதுல கார்பன் நானோகுழாய்ங்க, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய கார்பன் குழாய்ங்க, இருக்குன்னு 2020 நவம்பர்ல சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழ்ல வெளியிட்டாங்க. தாவரச் சாறு மாதிரி ஏதோ ஒண்ணைப் பூசி நல்ல சூட்டுல சுட்டிருக்கலாம், அப்போ அந்தக் கார்பன் இப்படி அமைப்பா உருவாகியிருக்கலாம்ங்கறது அவங்க ஊகம். ஆக, செஞ்சவங்களுக்கு நானோன்னு ஒண்ணு இருக்கறது தெரியாது, தெரிய வழியும் இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சது எதைப் பூசி எப்படி சுட்டா பூச்சு கழண்டு போகாதுங்கறது. ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள ஈரத்துல கிடந்தும் அந்தக் கருப்பு உதிராம நிக்குதுன்னா அந்தக் கைப்பக்குவமே போதும், அதுக்கு மேல நவீனப் பட்டம் எதுவும் கட்ட வேண்டியதில்ல. பசங்ககிட்ட இப்படியே சொல்லுங்க, இதுல பெருமை குறையவே குறையாது.

கி.மு. 580 விஷயம். அது பானையோட வயசு இல்ல. 353 சென்டிமீட்டர் ஆழத்துல கிடைச்ச கரித்துண்டை அமெரிக்காவுல இருக்குற பீட்டா அனலிட்டிக் லேபுக்கு அனுப்பி கார்பன் முறையில எடுத்த காலம். அந்த மண்ணடுக்குல கூடக் கிடந்த பானை ஓடும் அந்தக் காலத்தை ஒட்டினதுன்னு எடுத்துக்குறோம். அதனாலதான் களத்துல எந்த ஓடு எந்தக் குழில எத்தனை ஆழத்துல கிடைச்சதுன்னு ஒவ்வொண்ணுலயும் மையால எழுதுறது, அந்த எழுத்து அழிஞ்சா அந்த ஓடு ஊமை. பெட்டில இருக்குற ஓடுங்கள்ல ஓரமா பொடி எழுத்துல அந்த அடையாள நம்பர் தெரிஞ்சா அதையும் பசங்களுக்குக் காட்டுங்க.

பானையவே நேரா வயசு கேக்கற முறையும் இருக்கு, தெர்மோலூமினசன்ஸ்னு பேரு. மண்ணுல இருக்குற குவார்ட்ஸ் மணல் துகள் சுத்தியுள்ள இயற்கைக் கதிர்வீச்சை வருஷக்கணக்கா சேத்து வெச்சுக்கும், சூளைல சுடும்போது அது அத்தனையும் வெளியேறி பூஜ்ஜியம் ஆயிடும், அதுல இருந்து மறுபடி செல்ஃபோன் சார்ஜ் ஏறுறாப்ல கொஞ்சம் கொஞ்சமா ஏறும். லேப்ல திரும்ப சூடு பண்ணா சேந்தது எல்லாம் மெல்லிய ஒளியா வெளிய வரும், அதை அளந்து, ஒரு வருஷத்துக்கு எவ்வளவு சேரும்ங்கறதால வகுத்தா கடைசியா எப்ப சுட்டாங்கன்னு வந்துடும். கார்பன் அளவுக்குத் துல்லியம் இருக்காது பெரும்பாலும், ஆனா சூளைல ஏறுன அந்த நாளையே கணக்குப் பண்ணுதுங்கறது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்.

பொருநை_ஆளு:

இடைல வர்றேன் மன்னிச்சுக்கோங்க, பானை பாக்கணும்னா கீழடியோட நிக்காதீங்க, முடிஞ்சா இன்னொரு லீவுல எங்க பக்கம், தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூருக்கும் வாங்க. 1876லயே ஜெர்மன்காரர் ஜாகர் தோண்டுன இடம், அப்புறம் அலெக்சாண்டர் ரீ 1899ல இருந்து சில வருஷம் தோண்டினாரு, அவரு எடுத்தது சென்னை எழும்பூர் மியூசியத்துல இருக்கு, ஜாகர் எடுத்தது பெர்லினுக்குப் போயிடுச்சு. இப்ப அங்க தாழி இருந்த குழியை அப்படியே விட்டு மேல கண்ணாடித் தளம் போட்டிருக்காங்க, நீங்க மேல நடந்துக்கிட்டே காலுக்குக் கீழ தாழியைப் பாக்கலாம். அலமாரில எடுத்து வெச்சதைப் பாக்கறதுக்கும், புதைச்ச இடத்துல சாஞ்சு கிடக்கறதைப் பாக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. பக்கத்துல சிவகளைல ஒரு தாழிக்குள்ள கிடைச்ச நெல் உமியைச் சோதிச்சதுல கி.மு. 1155ன்னு வந்தது, 2021ல அறிவிச்சாங்க. மதுரைல இருந்து ஒரே நாள்ல கீழடியும் ஆதிச்சநல்லூரும் பாக்க நினைக்காதீங்க, அவசரமாயிடும்.

வழிப்போக்கன்_திண்டுக்கல்:

ஆதிச்சநல்லூர் லிஸ்ட்ல சேத்தாச்சுங்க. மானாமதுரைத் தம்பி, பானை செய்யறதைப் பாக்குறதைப் பத்தி சொல்லலையே, கீழடி பாத்துட்டு அப்படியே உங்க ஊருக்கு வந்தா பாக்க முடியுமா? இன்னொண்ணும் கேக்கணும், அந்தக் காலத்து சூடு எவ்வளவு இருக்கும், இப்ப நீங்க போடுற சூளையும் அதே அளவுதானா?

மண்ணும்_சக்கரமும்:

அண்ணா வேலைல இருந்தேன், இப்பதான் பாக்குறேன். தாராளமா வாங்க, கீழடியும் மானாமதுரையும் ஒரே மாவட்டம், அதே வைகைக்கரை, ராமநாதபுரம் போற ரோட்டுலயே வந்துடலாம். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு, கச்சேரில வாசிக்கிற கடம் எங்க ஊருதுன்னா தனி மதிப்பு.

சூட்டைப் பத்தி. கீழடி ஓடுங்களை இத்தாலில பீசா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி சோதிச்சாங்க, 1100 டிகிரி வரைக்கும் சூடு ஏத்தத் தெரிஞ்சிருக்குன்னு அறிக்கைல இருக்கு. வைக்கோல், விறகு அடுக்கி மேல மண்ணு மெழுகிப் போடுற திறந்த சூளைல சாதாரணமா அந்த அளவு போகாது, 700, 800, நல்லா எரிஞ்சா 900. அதுக்கு மேல போகணும்னா சூளையை நல்லா மூடி, காத்து வர்ற வழியைக் கணக்குப் பண்ணி வைக்கணும். 500, 600 டிகிரி தாண்டினாலே மண்ணுல இருக்குற தண்ணி முழுசா போயி மறுபடி கரையாத பொருளாயிடும், அதனால சமைக்கிற பானைக்கு அவ்வளவு சூடு அவசியமே இல்ல, ஆனா அவங்களுக்கு அது கைவந்திருக்கு. அதை நினைச்சா எங்க ஆளுங்க மேல எனக்குப் பெரிய மரியாதை.

சூளையை மூட்டினதும் உடனே பெருநெருப்பு கூடாது, முதல்ல புகை மட்டும்தான் போகணும், பச்சைப் பானைல மிச்சமிருக்குற ஈரம் மெதுவா வெளியேறணும். அவசரப்பட்டா உள்ள டப் டப்னு வெடிக்கிற சத்தம் கேக்கும், ஒவ்வொரு சத்தமும் ஒரு பானை. எங்கம்மா அந்த நேரம் சூளை பக்கத்துல யாரையும் பேச விடமாட்டாங்க, காது அங்கயே இருக்கும்.

வர்றதா இருந்தா மழை நாளைத் தவிர்த்துடுங்க, காயாது, அதனால சக்கரமும் ஓடாது சூளையும் போடமாட்டாங்க. வனையறது காலைல பாக்கணும், மத்தியானத்துக்கு மேல பெரும்பாலும் தட்டுறதும் தேய்க்கிறதும்தான் நடக்கும், ஆனா உங்களுக்கு அந்தத் தட்டுற வேலையைத்தான் நான் பாக்கச் சொல்லுவேன், எல்லாரும் சக்கரத்தை ஃபோட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுறாங்க. அதனால காலைல மியூசியம், மதியம் சாப்பிட்டுட்டு நேரா இங்க வாங்க. பையன்கிட்ட சொல்லி காயாத பானை ஒண்ணுக்குள்ள கை விட்டுப் பாக்கச் சொல்லுவோம், கல்லு தட்டுன குழி விரல்ல படும், காலைல கண்ணாடிக்குள்ள பாத்த அதே குழிதான். எந்த வாரம்னு முடிவானதும் இங்கயே ஒரு வார்த்தை போடுங்க, எந்த வீட்ல அன்னைக்கு வேலை நடக்குதுன்னு ஊர்ல கேட்டு சொல்றேன்.